டாக்புக் டைட்டில் பேஜ்: எதை எங்க போய் மாத்தணும்

டாக்புக்ல, அதாவது எக்ஸ்எம்எல் டேக்குகளா டாக்குமெண்ட் எழுதுற ஃபார்மேட்ல, மேனுவல் எழுதுற டீம்கள்ல ஒரு விஷயத்தை திரும்பத் திரும்ப பாக்குறேன். உள்ள இருக்குற சாப்டர், டேபிள், இண்டெக்ஸ் எல்லாம் எக்ஸ்எம்எல்ல இருந்து ஒழுங்கா பிடிஎஃப்பா வந்துடுது, ஆனா முதல் பக்கம் மட்டும் வேர்டுல தனியா செஞ்சு அதை பிடிஎஃப் ஆக்கி கடைசி நேரத்துல முன்னாடி ஒட்டுறாங்க. ஏன்னு கேட்டா "அந்த ஸ்டைல்ஷீட்ல டைட்டில் பேஜை மாத்தவே முடியல"ன்னு பதில் வரும். அப்புறம் ரெண்டு ரிலீஸ் போனதும் கவர்ல 3.2ன்னு இருக்கும், உள்ள 3.4க்கான விஷயம் இருக்கும், அதை வாங்குறவங்க எந்த வெர்ஷனை நம்புறதுன்னு தெரியாம சப்போர்ட்டுக்கு போன் போடுவாங்க. டைட்டில் பேஜ்ல இருக்குற ஒவ்வொரு எழுத்தும் டாக்குமெண்டோட இன்ஃபோ எலிமெண்ட்ல (தலைப்பு, ஆசிரியர், எடிஷன் மாதிரி விவரம் எழுதுற பகுதி) இருந்துதான் வரணும்ங்கறது என் பிடிவாதம். அதுக்கு வழி இருக்கு, ரொம்ப வருஷமாவே இருக்கு, ஆனா ஒரே பக்கத்தை மாத்த நாலு வேற வேற இடம் இருக்கறதால எங்க கை வைக்கணும்னு தெரியாம பலபேர் விட்டுடுறாங்க. அதைத்தான் இங்க விரிவா எழுதுறேன்.

டாக்புக் 1991ல ஹால் கம்ப்யூட்டர் சிஸ்டம்ஸும் ஓரைலியும் சேர்ந்து ஆரம்பிச்சது, அப்போ அது எக்ஸ்எம்எல்லுக்கு முன்னாடி இருந்த எஸ்ஜிஎம்எல்ல இருந்துச்சு. அதை எச்டிஎம்எல்லாவும் பிடிஎஃப்பாவும் மாத்த நார்மன் வால்ஷ் எழுத ஆரம்பிச்ச எக்ஸ்எஸ்எல் ஸ்டைல்ஷீட்களத்தான் இன்னைக்கும் நிறைய பேர் ஓட்டிட்டு இருக்காங்க, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸோட டாக்குமெண்டேஷன் கூட அதுலதான் பில்ட் ஆகுது. 1.79ன்னு முடியுற அந்த பழைய வரிசையைப் பத்திதான் பேசப் போறேன், பிடிஎஃப் பக்கம் அதாவது எஃப்ஓ அவுட்புட்டை வச்சு. எஃப்ஓங்கறது பக்க அமைப்பைச் சொல்ற எக்ஸ்எம்எல், ஸ்டைல்ஷீட் அதைத்தான் எழுதித் தரும், அப்பாச்சி எஃப்ஓபி மாதிரி ஒரு ப்ரோக்ராம் அதை பிடிஎஃப் ஆக்கும்.

முதல்ல உள்ள என்ன நடக்குதுன்னு தெரியணும், அது தெரிஞ்சா பாதி குழப்பம் தீர்ந்துடும். எஃப்ஓ ஃபோல்டரைத் திறந்தீங்கன்னா ஒரே மாதிரி பேர்ல மூணு ஃபைல் இருக்கும். டைட்டில்பேஜ்.டெம்ப்ளேட்ஸ்.எக்ஸ்எம்எல், டைட்டில்பேஜ்.டெம்ப்ளேட்ஸ்.எக்ஸ்எஸ்எல், டைட்டில்பேஜ்.எக்ஸ்எஸ்எல். இதுல முதலாவதுதான் மூலம், அதை ஸ்பெக் ஃபைல்னு சொல்லுவாங்க. எந்தெந்த எலிமெண்ட் டைட்டில் பேஜ்ல வரணும், எந்த வரிசைல வரணும், என்ன ஃபாண்ட் சைஸ்னு அதுல எழுதி இருக்கும். ரெண்டாவது ஃபைலை மனுஷங்க எழுதல, டெம்ப்ளேட் ஃபோல்டர்ல இருக்குற இன்னொரு ஸ்டைல்ஷீட் அந்த ஸ்பெக்கைப் படிச்சு உருவாக்கினது. அதாவது ஒரு எக்ஸ்எஸ்எல்டி (எக்ஸ்எம்எல்லை வேற வடிவத்துக்கு மாத்துற மொழி) ஸ்டைல்ஷீட் இன்னொரு எக்ஸ்எஸ்எல்டி ஸ்டைல்ஷீட்டை எழுதித் தருது, எனக்கு இந்த டிசைன் ரொம்பப் பிடிக்கும். மூணாவது ஃபைல் கையால எழுதினது, ஆசிரியர் பேரை எப்படி அச்சடிக்கறது, காப்பிரைட் வரியை எப்படி கோக்கறதுன்னு ஒவ்வொரு எலிமெண்டுக்கும் பொதுவான டெம்ப்ளேட் (எப்படி மாத்தணும்னு சொல்ற விதி) அதுல இருக்கு.

நடுவுல இருக்குற அந்த ஜெனரேட் ஆன ஃபைலைத் தொடவே கூடாது. தேடுனா கிடைக்கற முதல் ஃபைல் அதுவா இருக்கறதால எல்லாரும் அதைத்தான் திறக்கறாங்க, ஆயிரக்கணக்கான வரில எங்கயோ ஃபாண்ட் சைஸைக் கண்டுபிடிச்சு மாத்துறாங்க, வேலையும் செய்யும், அடுத்த தடவை ஸ்டைல்ஷீட் பேக்கேஜ் அப்டேட் ஆனதும் எல்லாம் போயிடும்.

இப்போ ஒரு புக்கோட டைட்டில் எப்படி பக்கத்துக்கு வருதுன்னு பாருங்க. புக்.டைட்டில்பேஜ்ங்கற டெம்ப்ளேட் முன்பக்கத்துக்கு புக்.டைட்டில்பேஜ்.ரெக்டோ, பின்பக்கத்துக்கு புக்.டைட்டில்பேஜ்.வெர்ஸோன்னு ரெண்டையும் கூப்பிடும். ரெக்டோ டெம்ப்ளேட் இன்ஃபோல இருந்து, ஸ்பெக்ல பேர் இருக்குற ஒவ்வொரு எலிமெண்டையும் ரெக்டோ.ஆட்டோ.மோட்னு ஒரு மோட்ல அனுப்பும் (ஒரே எலிமெண்டை இடத்துக்கு ஏத்த மாதிரி வேற வேற விதமா ப்ராசஸ் பண்ண வைக்கற பேர்தான் மோட்). அந்த ஆட்டோ மோட் ஒரு எஃப்ஓ பிளாக் போட்டு, அதுக்குள்ள அதே எலிமெண்டை புக்.டைட்டில்பேஜ்.ரெக்டோ.மோட்ல மறுபடி அனுப்பும். அந்த மோட்ல குறிப்பா எதுவும் எழுதலன்னா டைட்டில்பேஜ்.மோட்ங்கற பொது மோடுக்குப் போகும், அங்கயும் இல்லன்னா சாதாரணமா உடம்புப் பகுதில வர்ற மாதிரி ப்ராசஸ் ஆகும். படி இறங்குற மாதிரி ஒவ்வொண்ணா கீழ போகும், நீங்க எந்தப் படில நின்னு பிடிக்கறீங்களோ அங்க உங்க டெம்ப்ளேட் வேலை செய்யும்.

இதுல இருந்து ஒரு விஷயம் தெளிவாகுது. "எது வரணும், எந்த வரிசைல வரணும்"ங்கறது ஸ்பெக் ஃபைலோட கேள்வி. "வந்தது எப்படி இருக்கணும், என்ன வார்த்தையோட வரணும்"ங்கறது மோட் டெம்ப்ளேட்டோட கேள்வி. "நிறம், ஃபாண்ட், அலைன்மெண்ட்"ங்கறது ஆட்ரிப்யூட் செட், அதாவது ஒரு பேர் வச்ச ஸ்டைல் தொகுப்பு. "பக்கத்துல எந்த இடத்துல உக்காரணும்"னா அது ரெக்டோ டெம்ப்ளேட்டையே நீங்க எழுதற வேலை. எடிட்டரைத் திறக்கறதுக்கு முன்னாடி உங்க ஆசை இதுல எந்த வகைன்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா போதும்.

ஆட்ரிப்யூட் செட்ல இருந்து ஆரம்பிப்போம், அதுதான் சின்ன வேலை. புக்.டைட்டில்பேஜ்.ரெக்டோ.ஸ்டைல்னு ஒண்ணு இருக்கு, அதுல டைட்டில் ஃபாண்ட், போல்ட், 12 பாயிண்ட், நடுவுல அலைன்மெண்ட்னு போட்டிருப்பாங்க. உங்க கஸ்டமைசேஷன் ஃபைல்ல (டாக்புக் ஸ்டைல்ஷீட்டை இம்போர்ட் பண்ணி உங்க மாற்றங்களை மட்டும் எழுதுற ஃபைல்) அதே பேர்ல ஒரு செட் எழுதி கலர் மட்டும் குடுத்தா பழசோட சேர்ந்துக்கும், மொத்தமும் திரும்ப எழுத வேண்டாம். ஆனா இங்க ஒரு பெரிய சிக்கல் இருக்கு, நிறைய பேர் இதுலயே வெறுத்துப் போயிடுறாங்க. அதே செட்ல ஃபாண்ட் சைஸ் 36 பாயிண்ட்னு குடுத்துப் பாருங்க, டைட்டில் அசையாது. ஏன்னா ஸ்பெக்ல டைட்டிலுக்கு சைஸ் நேரடியா எழுதி இருக்கு, அது ஜெனரேட் ஆகும்போது அந்த பிளாக்லயே ஆட்ரிப்யூட்டா உக்காந்துடும், எக்ஸ்எஸ்எல்டில நேரடி ஆட்ரிப்யூட் எப்பவும் ஆட்ரிப்யூட் செட்டை ஜெயிச்சுடும். கலரை ஸ்பெக் தொடல, அதனால கலர் மாறும். சைஸை ஸ்பெக் தொட்டிருக்கு, அதனால மாறாது. அந்த சைஸ்கள் எப்படி வந்துச்சுன்னா, 10 பாயிண்ட்ல ஆரம்பிச்சு ஒவ்வொரு படிக்கும் 1.2 மடங்கு ஏத்திட்டே போறாங்க, 12, 14.4, 17.28, 20.736, கடைசில 24.8832. புக் டைட்டிலுக்கு அந்தக் கடைசி நம்பர்தான். பிடிஎஃப்ல 24.8832 பாயிண்ட்னு பாத்துட்டு யாரு இப்படி ஒரு நம்பரை வச்சாங்கன்னு யோசிச்சவங்களுக்கு இதுதான் பதில்.

அப்போ சைஸ் மாத்தணும்னா ஸ்பெக். உங்க ஸ்டைல்ஷீட் வெர்ஷன்ல இருக்குற ஸ்பெக் ஃபைலையே காப்பி எடுங்க, நெட்ல கிடைக்குற வேற வெர்ஷனோடது வேண்டாம். அதுல புக்குக்கான டைட்டில்பேஜ் எலிமெண்டை மட்டும் வச்சுக்கிட்டு ஆர்ட்டிகிள், சாப்டர், அப்பெண்டிக்ஸ் எல்லாத்தையும் எடுத்துடுறது என் வழக்கம், ஏன்னா எதை நான் மாத்தினேன்னு அடுத்து வர்றவங்களுக்கு ஒரு பார்வைல தெரியும். மேல இருக்குற அந்த சைஸ் என்டிட்டி டிக்ளரேஷன்களை (அந்த நம்பர்களுக்கு பேர் வச்சிருக்குற வரிகளை) மட்டும் வெட்டிடாதீங்க, வெட்டினா பார்சர் எர்ரர் வரும்.

அதுக்குள்ள ரெக்டோன்னு ஒரு கண்டெண்ட், வெர்ஸோன்னு ஒரு கண்டெண்ட். ரெக்டோல டீஃபால்ட்டா டைட்டில், சப்டைட்டில், நிறுவன ஆசிரியர், ஆசிரியர் குழு, ஆசிரியர்னு கொஞ்சம்தான் இருக்கும். இன்ஃபோல எடிஷன் குடுத்தேன், ரிலீஸ் இன்ஃபோ குடுத்தேன், லோகோவுக்கு மீடியாஆப்ஜெக்ட் குடுத்தேன், எதுவுமே முன்பக்கத்துல வரலன்னு சொல்றவங்களுக்கு காரணம் இதான், லிஸ்ட்ல பேர் இல்லாத எலிமெண்டை ஸ்டைல்ஷீட் சத்தமில்லாம விட்டுடும், எர்ரரும் வராது. லோகோ டைட்டிலுக்கு மேல வேணும்னா மீடியாஆப்ஜெக்ட்னு ஒரு காலி எலிமெண்டை டைட்டிலுக்கு முன்னாடி போடுங்க, அவ்ளோதான். ஸ்பெக்ல எழுதின வரிசைல வராம, ஆசிரியர் எக்ஸ்எம்எல்ல எழுதின வரிசைலயே வரணும்னா ஆர்டர்ங்கற ஆட்ரிப்யூட்டுக்கு டாக்குமெண்ட்னு குடுக்கலாம். நான் அதைக் குடுக்க மாட்டேன், முதல் பக்கத்தோட வரிசை எல்லா மேனுவல்லயும் ஒண்ணா இருக்கணும், அது எழுதறவங்க அன்னைக்கு எந்த வரிசைல டைப் பண்ணாங்கங்கறதைப் பொறுத்து மாறக்கூடாது.

ஸ்பெக் ரெடியானதும், எக்ஸ்எஸ்எல்டியை ஓட்டுற ப்ரோக்ராம்களான எக்ஸ்எஸ்எல்டிப்ராக்கோ ஸாக்ஸனோ வச்சு டெம்ப்ளேட் ஃபோல்டர்ல இருக்குற டைட்டில்பேஜ்.எக்ஸ்எஸ்எல்லை அது மேல ஓட்டினா உங்களோட டெம்ப்ளேட் ஃபைல் கிடைக்கும். நேம்ஸ்பேஸ் (எலிமெண்ட் எந்த ஃபார்மேட்டைச் சேர்ந்ததுன்னு சொல்ற முகவரி) உள்ள டாக்புக் 5 யூஸ் பண்றீங்கன்னா இங்க கவனமா இருக்கணும், என்எஸ்ங்கற பாராமீட்டருக்கு டாக்புக் நேம்ஸ்பேஸ் முகவரியைக் குடுத்து ஓட்டணும். குடுக்கலன்னா ஜெனரேட் ஆகுற டெம்ப்ளேட்டுகள் நேம்ஸ்பேஸ் இல்லாத டைட்டிலைத் தேடும், உங்க டாக்குமெண்ட்ல அது கிடையாது, பக்கம் வெறுமையா வரும். 1.79.2ல பேக்கேஜ் பேரு வேற மாறிடுச்சு, முன்னாடி டாக்புக்-எக்ஸ்எஸ்எல்னு சொன்னா நேம்ஸ்பேஸ் இல்லாதது, இப்போ அதே பேரு நேம்ஸ்பேஸ் உள்ளதைக் குறிக்குது, பழசுக்கு நோன்ஸ்னு வால் சேர்த்துட்டாங்க. சிஸ்டம் அப்கிரேட் பண்ணதும் டைட்டில் பேஜ் காணாமப் போச்சுன்னா முதல்ல இதைப் பாருங்க.

அடுத்தது இந்த ஜெனரேட் ஆன ஃபைலை எப்படி உள்ள கொண்டு வர்றது. இன்க்லூடா இம்போர்ட்டான்னு கேட்டா நான் இம்போர்ட்னுதான் சொல்லுவேன். இன்க்லூட் பண்ணா அந்த டெம்ப்ளேட்டுகளுக்கு நீங்க கையால எழுதுற டெம்ப்ளேட்டுக்கு இருக்குற அதே முன்னுரிமை வந்துடும், ஒரே பேர்ல ரெண்டு நேம்டு டெம்ப்ளேட் ஒரே முன்னுரிமைல இருக்கக்கூடாதுங்கறது எக்ஸ்எஸ்எல்டியோட சட்டம், அதனால நாளைக்கு வெர்ஸோ டெம்ப்ளேட்டை கையால மாத்தலாம்னு போனா எர்ரர்ல நிக்கும். முதல்ல டாக்புக் மெயின் ஸ்டைல்ஷீட் இம்போர்ட், அதுக்குக் கீழ உங்க ஜெனரேட் ஆன ஃபைல் இம்போர்ட், அதுக்குக் கீழ உங்க கை எழுத்து. பின்னாடி இம்போர்ட் ஆனது ஜெயிக்கும், கையால எழுதினது எல்லாத்தையும் ஜெயிக்கும். பில்ட் கட்டளைகள் எழுதி வைக்கற மேக்ஃபைல்ல ஸ்பெக் மாறினா ஜெனரேட் ஆகட்டும்னு ஒரு ரூல் போட்டுட்டா அப்புறம் யாரும் ஞாபகம் வச்சுக்க வேண்டியதில்ல.

இனி மோட் டெம்ப்ளேட். வெளியீட்டு தேதிக்கு முன்னாடி ஒரு வார்த்தை வரணும், எடிஷனை வேற மாதிரி காட்டணும், இதெல்லாம் இங்க. டீஃபால்ட்ல எடிஷன் எலிமெண்ட்ல இருக்குறதை அச்சடிச்சு பின்னாடி எடிஷன்ங்கற வார்த்தையை லோக்கேல் ஃபைல்ல (மொழிவாரியா வார்த்தைகள் இருக்குற ஃபைல்) இருந்து எடுத்து ஒட்டும், அதனால வெறும் 2ன்னு எழுதினா 2 எடிஷன்னு அசிங்கமா வரும். எடிஷனை மேட்ச் பண்ணி புக்.டைட்டில்பேஜ்.ரெக்டோ.மோட்ல ஒரு டெம்ப்ளேட் எழுதினா முன்பக்கத்துல மட்டும் மாறும், டைட்டில்பேஜ்.மோட்ல எழுதினா எல்லா இடத்துலயும் மாறும். முடிஞ்ச வரைக்கும் குறிப்பான மோட்லயே எழுதுங்க. பில்ட் தேதி தானா வரணும்னா டிபிடைம்ஸ்டாம்ப்னு ஒரு ப்ராசஸிங் இன்ஸ்ட்ரக்ஷன் இருக்கு, அதை பப்டேட்ங்கற வெளியீட்டு தேதி எலிமெண்டுக்குள்ள போட்டு ஃபார்மேட் குடுத்துட்டா ஸ்டைல்ஷீட் ஓடுற நாள் வந்து உக்காரும். காப்பிரைட்டுக்கு வருஷங்களைத் தனித்தனி இயர் எலிமெண்டா எழுதி மேக்.இயர்.ரேஞ்சஸ் பாராமீட்டரை 1ன்னு வச்சா தொடர்ச்சியா இருக்குறதை 2019-2023ன்னு சுருக்கிக் குடுக்கும்.

டைட்டில்ல மட்டும் ஒரு சிக்கல். டைட்டிலை ரெக்டோ மோட்ல மேட்ச் பண்ணி டெம்ப்ளேட் எழுதுவீங்க, அது கூப்பிடவே படாது. தப்பு உங்க மேல இல்ல, ஸ்பெக்ல டைட்டிலுக்கு நேம்டு டெம்ப்ளேட்னு ஒரு ஆட்ரிப்யூட்ல டிவிஷன்.டைட்டில்னு குடுத்து வச்சிருக்காங்க, ஆட்டோ மோட் நேரா அதைக் கூப்பிட்டுடும், ரெக்டோ மோடுக்கு வர்றதே இல்ல. ஸ்பெக்ல அந்த ஆட்ரிப்யூட்டை எடுத்துட்டு மறுபடி ஜெனரேட் பண்ணா உங்க டெம்ப்ளேட் வேலை செய்யும். நீளமான டைட்டிலை குறிப்பிட்ட இடத்துல உடைக்கணும்னு ஆசைப்படுறவங்களுக்கு இது கட்டாயம் தேவைப்படும், ஏன்னா உடைப்பு முன்பக்கத்துல மட்டும் இருக்கணும், பக்கத் தலைப்புல வரக்கூடாது.

பின்பக்கமே வேணாம், பதினைஞ்சு பக்க கைடுக்கு எதுக்கு வெர்ஸோன்னு நினைச்சா புக்.டைட்டில்பேஜ்.வெர்ஸோவை காலி டெம்ப்ளேட்டா எழுதுங்க, கூடவே புக்.டைட்டில்பேஜ்.பிஃபோர்.வெர்ஸோவையும் காலியா எழுதுங்க. ரெண்டாவதை மறந்தா பேஜ் பிரேக் அங்கயே இருக்கும், ஒரு வெள்ளைப் பக்கம் நடுவுல வந்து நிக்கும்.

நான் அதிகமா நேரம் குடுக்கச் சொல்றது இடத்துக்கு, அதாவது பக்கத்துல எது எங்க இருக்கணும்ங்கறதுக்கு. டைட்டில் மேல இருந்து 8 சென்டிமீட்டர் கீழ வரணும்னு ஸ்பேஸ் பிஃபோர் 8 சென்டிமீட்டர் குடுப்பீங்க, டைட்டில் பக்கத்தோட உச்சிலயே ஒட்டிட்டு நிக்கும். எஃப்ஓ ஸ்பெசிஃபிகேஷன்படி ஒரு பக்கத்தோட ஆரம்பத்துல வர்ற ஸ்பேஸ் தூக்கி எறியப்படும், அது பத்திக்கு நடுவுல சரியான பழக்கம், சாப்டர் நடுவுல பக்கம் மாறும்போது மேல தேவையில்லாத வெள்ளை வரக்கூடாதுல்ல. டைட்டில் பேஜ்ல அதை நிறுத்தணும்னா ஸ்பேஸ்-பிஃபோர்.கண்டிஷனாலிட்டிங்கற ஆட்ரிப்யூட்டுக்கு ரீட்டெய்ன்னு குடுக்கணும். இது ஒண்ணு தெரியாம காலி பிளாக்குகளை அடுக்கி டைட்டிலைக் கீழ தள்ளின ஸ்டைல்ஷீட்டுகளை நிறைய பாத்திருக்கேன், அதுல யாரோ லோகோவை கொஞ்சம் பெருசாக்கினதும் எல்லாம் சரிஞ்சு ஆசிரியர் பேரு அடுத்த பக்கத்துக்கு ஓடிடும்.

டிசைனர் ஒரு லேஅவுட் வரைஞ்சு குடுத்துட்டாங்க, லோகோ வலது மேல, டைட்டில் நடுவுக்குக் கொஞ்சம் மேல, வெர்ஷன் நம்பர் இடது கீழன்னா ஸ்பெக்கோட மல்லுக்கட்டாதீங்க. ஸ்பெக்குக்குத் தெரிஞ்சது மேல இருந்து கீழ ஒரே வரிசை மட்டும்தான். புக்.டைட்டில்பேஜ்.ரெக்டோங்கற டெம்ப்ளேட்டையே உங்க ஃபைல்ல முழுசா எழுதிடுங்க. அதுக்குள்ள எஃப்ஓ டேபிள் போட்டு ஒவ்வொரு வரிக்கும் உயரம் குடுத்து, கீழ ஒட்டணும்னா டிஸ்ப்ளே-அலைன் ஆஃப்டர்னு குடுக்கலாம், இல்லன்னா பிளாக்-கண்டெய்னரை ஆப்சல்யூட்டா வச்சு மேல இருந்து எவ்ளோ, இடமிருந்து எவ்ளோன்னு சொல்லிடலாம். அப்பாச்சி எஃப்ஓபி ரெண்டையும் ஏத்துக்கும். எனக்கு பிளாக்-கண்டெய்னர்தான் பிடிக்கும், ஏன்னா ஒரு பெட்டில டைட்டில் நீளமானாலும் அடுத்த பெட்டி நகராது. ஆனா உள்ள வார்த்தைகளை கையால டைப் பண்ணிடாதீங்க, ஒவ்வொரு பெட்டிக்குள்ளயும் இன்ஃபோல இருக்குற எலிமெண்டை ரெக்டோ மோட்ல அப்ளை பண்ணுங்க. டேட்டா எக்ஸ்எம்எல்லயே இருக்கட்டும், ஸ்டைல்ஷீட் இடத்தை மட்டும் பாத்துக்கட்டும்.

தமிழ்ல மேனுவல் போடுறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. டைட்டில் பேஜ்ல மட்டும் எழுத்துக்குப் பதிலா ஹாஷ் குறியா வந்தா ஃபாண்ட்ல அந்த எழுத்து இல்லன்னு எஃப்ஓபி சொல்லுதுன்னு அர்த்தம். உடம்புக்கு பாடி.ஃபாண்ட்.ஃபேமிலி, டைட்டிலுக்கு டைட்டில்.ஃபாண்ட்.ஃபேமிலின்னு ரெண்டு பாராமீட்டர், பலபேர் முதலாவதை மட்டும் தமிழ் ஃபாண்டுக்கு மாத்திட்டு விட்டுடுறாங்க. முன்பக்கம் போல்டா இருக்கறதால அந்த ஃபாண்டோட போல்ட் ஃபைலையும் எஃப்ஓபி கான்ஃபிக்ல சேர்க்கணும். பேரு விஷயத்துலயும் ஒண்ணு, நம்ம பேருக்கு முதல் பேர், குடும்பப் பேர்னு பிரிக்கறதுல அர்த்தமே இல்ல, இனிஷியலோட சேர்த்து அப்படியே எழுதணும். டாக்புக் 5ல பெர்சன்நேம் எலிமெண்டுக்குள்ள நேரா டெக்ஸ்டா எழுதலாம், ஸ்டைல்ஷீட்டும் அதை அப்படியே அச்சடிக்கும், இனிஷியலை சர்நேம்ல திணிக்க வேண்டாம்.

எதுவும் சரியா வரலன்னா நேரா பிடிஎஃப்பைப் பாத்துட்டு இருக்காதீங்க. எக்ஸ்எஸ்எல்டி முடிஞ்சதும் நிறுத்தி எஃப்ஓ ஃபைலைத் திறந்து முதல் பேஜ் சீக்வென்ஸை (தொடர்ந்து வர்ற பக்கங்களோட தொகுதி) படிங்க. உங்க பிளாக் அங்க இருந்தா பிரச்சனை எஃப்ஓபி பக்கம், இல்லன்னா ஸ்டைல்ஷீட் பக்கம், இது தெரிஞ்சாலே தேடுற இடம் பாதியா குறையும்.

முழுப் பக்கப் படம் வச்ச அட்டை வேணும்னா அது டைட்டில் பேஜே இல்ல, தனி விஷயம். அதுக்கு ஃப்ரண்ட்.கவர்னு ஒரு காலி டெம்ப்ளேட்டை விட்டு வச்சிருக்காங்க, அதுல உங்களோட சொந்த பேஜ் மாஸ்டரோட (பக்க அளவு, மார்ஜின் வரையறை) ஒரு பேஜ் சீக்வென்ஸ் எழுதி, இன்ஃபோல கவர் எலிமெண்ட்ல இருக்குறதை எடுத்துப் போட்டா டைட்டில் பேஜுக்கு முன்னாடி வந்துடும், மார்ஜின் தொந்தரவும் இருக்காது.

எச்டிஎம்எல் பக்கம் இதே முறைதான், எச்டிஎம்எல் ஃபோல்டர்ல அதோட ஸ்பெக் தனியா இருக்கு. ஆனா அங்க அழகெல்லாம் சிஎஸ்எஸ் பாத்துக்கும், ஒவ்வொண்ணுக்கும் கிளாஸ் பேர் போட்டே வரும், அதனால ஸ்பெக்ல வரிசையை மட்டும் மாத்துங்க. டைட்டில் பகுதிக்கு அடில வர்ற அந்தக் கோடு பிடிக்கலன்னா புக்.டைட்டில்பேஜ்.செப்பரேட்டரை காலியா எழுதிடுங்க. இதையே பிடிஎஃப் ஸ்டைல்ஷீட்லயும் காப்பி பண்ணிடாதீங்க, அங்க அதே பேர்ல இருக்குறது கோடு இல்ல, பேஜ் பிரேக்.